ஹொக்கி பஸ் ஓட்டிய எங்கள் அண்ணா

அண்ணாவின் ஆண்டு நினைவுக்கு மலர் ஒன்று வெளியிடுவதென்று வீட்டில் பேசியபோது, சொந்தத்தில் ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்தார்.

“பிள்ளை, ஹொக்கியைப் பற்றி எழுதிப் போடாதை. கோயில் தொண்டு, தாயைப் பாத்த விதம், உதுகளை எழுது. ஹொக்கி எங்கடை ஆக்களுக்கு என்னத்துக்கு?”

அவர் சொன்னவையும் உண்மைதான். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் மடைப்பள்ளியில் அண்ணா எத்தனையோ வெள்ளிக்கிழமை பாத்திரம் தேய்த்திருக்கிறார். அம்மாவை ஒரு நாளும் பனியில் பஸ்ஸுக்கு நிற்க விட்டதில்லை. ஆனால் அண்ணாவின் கனடா வாழ்வு ஹொக்கி லீக் ஒன்றோடு சேர்ந்து வளர்ந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். எழுதித் தருவதற்குப் புலவர் ஒருவரை ஒழுங்கு செய்யலாம் என்றும் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். அண்ணா என்னைப் படிக்கவைத்தது இதை இன்னொருவரைக் கொண்டு எழுதுவிப்பதற்கு அல்ல.

அண்ணா பருத்தித்துறைக்குக் கிழக்கே, கடலோரத்தில், எங்கள் பெற்றோரின் மூத்த மகனாகப் பிறந்தார். எங்களைப் பெற்ற ஐயா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அவர் எட்டாம் வகுப்பு. அடுத்த தவணைக்கு அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. யாழ்ப்பாணம் போகும் மினிபஸ்ஸில் கொண்டக்டராக ஏறினார். மீசை சரியாக முளைக்குமுன் அதே பஸ்ஸை ஓட்டவும் தொடங்கினார். எண்பதுகளின் முடிவில் கனடா வந்தார். அம்மாவும் நானும் பின்னால் வந்து சேர்ந்தோம். எங்கள் இருவரின் அகதி வழக்குகளும் முடிந்து நிரந்தர வதிவிடமும் கிடைத்தது. அண்ணாவின் அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் ஊரில் வீட்டோடு எரிந்துபோனதால், அவருடைய வழக்கு மட்டும் வருடக்கணக்கில் இழுபட்டது.

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் குடியிருந்தோம். முதலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். பெரிய வாகனம் ஓட்டும் லைசென்ஸ் எடுத்ததும் பிறம்ரனில் ஒரு பஸ் கொம்பனி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் குளிர்காலத்தில்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்தச் சிறிய ஹொக்கி லீக்கும் தொடங்கியது.

ஹொக்கி தெரியாத உறவினர்களுக்காக ஒரு விளக்கம். இது ஐஸ் தரையில் சறுக்கிக்கொண்டு ஆடுவது. தொலைக்காட்சியில் வரும் பெரிய லீக்குக்குக் கீழே சிறிய லீக்குகள் பல உண்டு. மேலே போக முடியாதவர்களும், போய்த் திரும்பி வந்தவர்களும், நாளைக்குப் போய்விடலாம் என்று நம்புகிறவர்களும் அவற்றில் ஆடுவார்கள். சம்பளம் உண்டு, ஆனால் கோடையில் கூரை வேலைக்கும் போகவேண்டியிருக்கும். விமானம் கிடையாது, எங்கே ஆட்டமென்றாலும் பஸ்தான். அண்ணாவின் லீக் ஒன்ராறியோவின் சின்ன ஊர்கள் ஐந்தோடு தொடங்கியது. அதில் சட்டையில் ஆந்தை போட்ட அணியின் பஸ் அண்ணாவின் பொறுப்பு.

கொம்பனி அந்த அணிக்குப் புது பஸ் ஒன்று வாங்கியிருந்தது. முதற்பயணத்தன்று, மினிபஸ் ஓட்டிய காலத்து வழக்கப்படி, அண்ணா முன்சில்லுகளுக்குக் கீழே இரண்டு தேசிக்காய்களை வைத்து, நசித்துக்கொண்டு பஸ்ஸை எடுத்தார். ஆட்டக்காரர் எல்லோரும் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள். என்ன இது என்று கப்டன் கேட்க, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அண்ணா “நோ லெமன், நோ லக்” என்றார். அன்று அவர்கள் வென்றுவிட்டார்கள்.

அடுத்த பயணத்துக்கு அண்ணா போனபோது, பஸ் வாசலில் கோல் காப்பவர் ஒரு பை தேசிக்காயோடு நின்றாராம்.

“புது பஸ்ஸுக்கு ஒருக்காத்தான் வைக்கிறது. உதை உவங்களுக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?” என்று வீட்டில் வந்து அண்ணா தலையில் கை வைத்தார்.

அம்மா அடுப்படியில் இருந்து சொன்னா: “வைச்சுவிடன். சில்லுக்கு நோகுதே?”

அந்த வருடத்திலிருந்து தேசிக்காய் நசிக்காமல் ஆந்தை அணியின் பஸ் நகர்ந்ததில்லை.

இரண்டாம் வருடம் ஓர் அணி பாதிப் பருவத்தில் மூடப்பட்டது. லீக் கவிழ்ந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் லீக்கை நடத்தியவர்கள் சுருங்காமல் விரிவதென்று முடிவெடுத்தார்கள். நயாகரா ஆற்றுக்கு அப்பால், அமெரிக்கப் பக்கத்தில், ஐஸ் அரங்கு வைத்துக்கொண்டு அணியில்லாமல் இருந்த ஊர்களைச் சேர்த்தார்கள். மூன்றாம் வருட அட்டவணை வந்தபோது ஆட்டங்களில் பாதி பாலத்துக்கு அந்தப் பக்கம். அண்ணாவிடமோ எல்லை கடக்க ஒரு பத்திரமும் இல்லை.

கொம்பனியில் குணம் அங்கிள் என்று இன்னொரு தமிழ்ச் சாரதி இருந்தார். எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்பே வந்து குடியுரிமை எடுத்தவர். ஹொக்கி பஸ்ஸை அவரிடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் பஸ்ஸை அண்ணாவுக்குக் கொடுப்பதாக முதலாளி சொன்னார். ஹொக்கி பஸ்ஸுக்குக் கோடையில் சுற்றுலா ஓட்டங்கள் கிடைக்கும், பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கோடையில் வேலை இல்லை. அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டலாம். என் படிப்பு நடக்காது. நான் வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். அண்ணா என்னைப் பார்க்காமலே, “நீ வாயை மூடிக்கொண்டு படி” என்றார்.

பிறகு முதலாளியிடம் போய் ஓர் ஏற்பாடு சொன்னார். பாலம் வரைக்கும் தான் ஓட்டுவது. அங்கிருந்து குணம் அங்கிள் ஓட்டுவது. பஸ் திரும்பி வரும்வரை தான் இந்தப் பக்கத்தில் காத்திருந்து, மறுபடி ஓட்டிவருவது. காத்திருக்கும் நேரத்துக்குச் சம்பளம் வேண்டாம். முதலாளி சிரித்தாராம், ஆனால் சம்மதித்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அண்ணா பாலத்துக்கு இந்தப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் இருந்தார். எனக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

“ஏன் அண்ணா அங்கை போய்க் குந்திக்கொண்டிருக்கிறீங்கள்? ஆக்கள் சிரிக்கினம்.”

“சிரிக்கட்டும். மினிபஸ்ஸிலை சீற்றை விட்டு இறங்கினவன் திரும்ப ஏறினதை நீ கண்டிருக்கிறியே? லீக் அங்காலை போகுதெண்டால் நானும் அங்காலை போகத்தான் வேணும். இண்டைக்கு ஏலாட்டி நாளைக்கு.”

காத்திருந்த நேரங்களில் அவர் ஆங்கிலம் படித்தார். என் பழைய பள்ளிப் புத்தகங்கள் கோப்பிக் கறையோடு வீடு திரும்பும்.

தேசிக்காய் வைப்பது அந்த வருடம் பாலத்தடிக்கு மாறியது. எல்லையில் பழம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால் இந்தப் பக்கத்திலேயே அண்ணா வைக்க, குணம் அங்கிள் நசித்துக்கொண்டு போவார். திரும்பி வரும்போது தேசிக்காய் இல்லையே என்று ஆட்டக்காரர் முறைப்பட்டார்கள். குணம் அங்கிள் அவர்கள்மேல் இரக்கப்பட்டு, ஒரு நாள் நான்கு தேசிக்காய்களை ஜக்கற்றுக்குள் போட்டுக்கொண்டு பாலம் ஏறினார். பழம் ஏதும் உண்டா என்று அதிகாரி கேட்டபோது இல்லை என்றார். ஜக்கற் வீங்கியிருந்ததை அதிகாரி கண்டார். பஸ்ஸில் இருந்த பைகள் அத்தனையும் இறக்கப்பட்டன. ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது.

“ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?” என்று அண்ணா கேட்டார்.

“நான் எங்கை பொய் சொன்னனான்? தின்னிறதுக்கெண்டால் ஓம் எண்டிருப்பன். இது சில்லுக்கு வைக்கிறதெல்லே!”

நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். முதலாளி சிரிக்கவில்லை. இரண்டு சாரதி வைத்து இந்தக் கூத்து இனி நடக்காது, அடுத்த பருவம் தொடங்கும்போது எல்லை கடக்க முடியாவிட்டால் ஹொக்கி பஸ்ஸை மறந்துவிடு என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டார்.

அந்தக் கோடையில் அண்ணா ஓடிய ஓட்டத்தை நான் கண்ணால் கண்டேன். ஊரில் அவரைப் படிப்பித்த ஆசிரியரைத் தேடிப் பிடித்து, இவர் இன்னார்தான் என்று சத்தியக் கடதாசி வாங்கினார். வழக்கறிஞர் அலுவலகத்தின் கதிரையில் விடியவே போய்க் குந்தினார். “திரும்பவும் வந்திட்டியா?” என்று அங்கிருந்த பெண் கேட்பாவாம், “நாளைக்கும் வருவன்” என்பாராம். இலையுதிர் காலத்தில் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் அமெரிக்க விசாவும் கிடைத்தது.

முதல் நாள் அண்ணா பஸ்ஸோடு பாலம் ஏறினார். மறுகரையில் அவரை மட்டும் விசாரிக்க உள்ளே அழைத்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. பயிற்றுநர், ரொறன்ரோவுக்குத் தொலைபேசி அடித்துக் குணம் அங்கிளைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். அப்போது கப்டன் எழுந்து சொன்னதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். தமிழில் இப்படி வரும்: “போன வருசம் முழுக்க அந்த மனிசன் எங்களுக்காகக் கோப்பி குடிச்சுக்கொண்டிருந்தவர். இண்டைக்கு நாங்கள் குடிப்பம்.”

பிறகு, நேரத்தை மிச்சம் பிடிக்க, பஸ்ஸுக்குள்ளேயே எல்லோரும் ஆட்ட உடுப்புப் போடத் தொடங்கினார்கள். அண்ணா கடதாசியில் முத்திரையோடு வெளியே வந்து கதவைத் திறந்தபோது, தோள்காப்பும் முழங்கால்காப்பும் தலைக்கவசமும் போட்ட ஆட்கள் சீற் கொள்ளாமல் இருந்தார்களாம். “ஆமி வந்து ஏறியிருக்குதோ எண்டு ஒருக்கா நெஞ்சு திக்கெண்டிட்டுது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பஸ்ஸால் இறங்கி நேரே ஐஸில் இறங்கினார்கள். அன்று படுதோல்வி. அண்ணாவின் சீற் அண்ணாவிடமே இருந்தது.

அதன்பின் லீக் வளர்ந்த வேகம் அண்ணாவுக்கே பிரமிப்பு. ஏரிக்கரை ஊர்கள் வந்தன. சுரங்க ஊர்கள் வந்தன. பனியே விழாத தெற்குப் பக்கத்தில், மாட்டுச் சந்தை நடக்கும் மண்டபத்தில் ஐஸ் போட்டு ஆடும் ஊர்களும் வந்தன. சில அணிகள் ஒரு குளிர்காலத்தோடு காணாமல் போயின. தொடங்கிய ஐந்து ஊர்களில் ஆந்தை அணி மட்டுமே கடைசியில் மிஞ்சியது. ஒவ்வொரு புரட்டாதியிலும் புதிய அட்டவணை வந்ததும், நான் பல்கலைக்கழக நூலகத்தில் அந்த ஊர்களின் வரைபடங்களைப் பார்த்து வந்து சொல்வேன். அண்ணா குசினி மேசையில் விரலால் பாதை கீறுவார். நான் பட்டம் பெற்றதும் அந்தச் சீற்றின் உழைப்பில்தான்.

அண்ணாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது ஒரு கோடையில். அந்தப் புரட்டாதியிலும் லீக் ஒரு புது ஊரைச் சேர்த்தது. அண்ணா ஓட்டிப் போகாத ஊர் அது ஒன்றுதான். ஹொக்கி பஸ்ஸின் திறப்பை அவராகவே கொண்டுபோய்க் குணம் அங்கிளின் கையில் கொடுத்தார். மார்கழியில், அம்மா பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அவரை இரவுபகல் பார்த்த தாதியருக்கும் வைத்தியருக்கும், சாப்பாடு கொண்டுவந்து எங்கள் அடுப்பை ஓயவைத்த ரெக்ஸ்டேல் அயலவருக்கும், அந்த முதலாளிக்கும், கோட்டும் சூட்டும் போட்டு மண்டபத்தின் பின்வரிசையை நிறைத்து நின்ற ஆட்டக்காரருக்கும், கிரியைகளைச் செம்மையாக நடத்திய ஐயருக்கும், தூர இடங்களிலிருந்து வந்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கடைசி நன்றி குணம் அங்கிளுக்கு. ஐப்பசியில், மருந்தேற்றும் நாட்களுக்கு இடையில், அண்ணாவை அந்தப் புது ஊருக்குக் கூட்டிப் போனவர் அவர். போகவேண்டாம் என்று அம்மா அழுதா, நான் தடுக்கவில்லை. அண்ணா முன்சீற்றில் கம்பளியால் போர்த்துக்கொண்டு இருந்தாராம். பாலத்தைக் கடந்ததும் அதிகாரி பஸ்ஸில் ஏறி, சாரதியைக் கேட்டபின் அண்ணாவைப் பார்த்து, “நீங்கள் எதற்காகப் போகிறீர்கள்?” என்று கேட்டார்.

“நான் வாய் திறக்க முந்தி உன்ரை கொண்ணர் நிமிந்து இருந்திட்டார், பிள்ளை,” என்று குணம் அங்கிள் என்னிடம் சொன்னார். “‘வேலைக்கு’ எண்டார்.”

தங்கை
ரெக்ஸ்டேல்