தேடினால் கிடைக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன்

இணையத்தில் எதை, எப்படித் தேடுவது என்று கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது என் வேலை. மயிலாப்பூரில் ஒரு கல்லூரி நூலகத்தில், மின்விசிறி பாதி வேகத்தில் சுற்றும் கம்ப்யூட்டர் அறையில் அது நடக்கிறது. இதே தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: பிள்ளைகள் பாடத்தைத் தேடுவது பாதி நேரம்தான்.

முதலில் வந்தது

மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், முகவரியை ஒருமுறை படித்துப் பாருங்கள் என்று அன்று பாடம். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து வரும் தினேஷ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

வகுப்பு முடிந்ததும் வந்தான். அக்காவின் அரசு வேலைத் தேர்வுக்கு இவன்தான் விண்ணப்பித்திருக்கிறான். முதலில் வந்த தளத்தைத் திறந்தானாம். அரசாங்கத் தளம் மாதிரியே இருந்ததாம். அது போலி. ஹால் டிக்கெட் வரவே இல்லை. வேலையை விட்டுவிட்டுப் படித்தவள், தேர்வு நாளன்று வீட்டிலேயே இருந்தாள். "ரொம்பத் திட்டினாளா?" என்று கேட்டேன்.

"திட்டியிருந்தாகூட பரவால்ல மேடம், ஒண்ணுமே பேசாம உக்காந்துகினு கீது."

மேற்கோள் குறிக்குள்

ஒரு பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அதே பெயர் உள்ள பக்கங்கள் மட்டும் வரும் என்றேன். வைஷ்ணவி அன்றே தன் அண்ணன் பெயரைப் போட்டுப் பார்த்தாள். அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன், போன் நம்பரையும் மாற்றிவிட்டான். பெயரோடு ஊரைச் சேர், படித்த கல்லூரியைச் சேர் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பல் டாக்டர் வந்தார், மிருதங்கக்காரர் வந்தார், கனடாவில் வீடு விற்பவர் வந்தார். ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தாள். கடைசியில் திரையை அணைத்தாள்.

"இத்தனை பேர் இருக்கா மேடம், எங்க அண்ணா மட்டும் எங்கேயுமே இல்லை. ஆத்துல அம்மா கேட்டா என்ன சொல்லுவேன்?"

மருத்துவச் சொல்

ஷபானா ஒரு மருத்துவச் சொல்லைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். பாடத்துக்கா என்றேன், ஆமாம் என்றாள். கண்ட பக்கத்தையும் நம்பாதே, பெரிய மருத்துவமனைகள் எழுதியிருப்பதைப் படி, இரண்டு மூன்றை ஒப்பிட்டுப் பார் என்றேன். சொன்னபடியே செய்தாள். படித்து முடித்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து கல்லூரிக்கு வரவில்லை.

திரும்பி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவளுடைய அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் அழைப்பாள்) வெறும் குடல் புண் என்று சொல்லி அண்ணன்மார் அவளிடம் உண்மையான நோயை மறைத்திருக்கிறார்கள். அந்தச் சொல் அவருடைய ரிப்போர்ட்டில் இருந்தது. கடைசி வரை அவர் பக்கத்திலேயே இருந்துவிட்டு வந்திருக்கிறாள். அவளே சொன்னாள்.

"தெரியாமலே இருந்திருந்தா, அத்தாவை விட்டுட்டு தினமும் காலேஜுக்கு வந்துட்டிருந்திருப்பேன் மேடம்."

சரியான பதிலைக் கண்டுபிடிக்க என்னிடம் ஒரு பருவத்துக்கான பாடத்திட்டம் இருக்கிறது. அந்தப் பதிலோடு வீட்டுக்குப் போவது எப்படி என்பதற்குத்தான் இன்னும் யாரும் பாடம் எழுதித் தரவில்லை.