‘இன்னும் இல்லை’ என்னும் கட்டம்

வலது கை மரக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் குழந்தையின் பக்கம் நகர்த்தியது. இடது கை அடுக்கின் அடியில் படிந்திருந்தது. குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு ஆறாவது கட்டையை ஏற்றியதும், வலது கை பென்சிலை எடுத்து, படிவத்தில் ‘செய்கிறாள்’ என்ற கட்டத்துக்குள் ஒரு கோடு போட்டது.

அந்தக் கைகளுக்கு இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியின் மீன் கூடங்களில் நல்ல பெயர் உண்டு. லியான் பதினாறு வயதில் பள்ளியை விட்டு அங்கே வேலைக்குப் போனவள். வெட்டி வரும் மீன் துண்டுகளில் முள் மிச்சமிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவள் வேலை. யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். பதினெட்டு வருஷத்தில் அவள் தட்டிலிருந்து ஒரு முள்கூடத் தப்பிப் போனதில்லை.

மகள் எஃபி குறைமாதத்தில், கர்ப்பத்தின் இருபத்தாறாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். தொண்ணூற்றொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். முதல் வாரங்களில் குழந்தையைத் தூக்கக் கூடாது, தடவக் கூடாது. பக்கத்துத் துளை வழியாகக் கையை விட்டு, தலையையும் பாதத்தையும் அசையாமல் பொத்திப் பிடித்திருக்கலாம். “சும்மா புடிச்சுக்கிட்டே இருங்க, மூச்சு சீராயிடும்” என்று நர்ஸ் சொன்னாள். சீராகவும் ஆனது. லியான் மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஊரில் இப்படிப் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு படிவம் தருவார்கள். குழந்தை என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்று வீட்டில் வைத்துப் பார்த்து அவர்களே நிரப்ப வேண்டும். டாக்டர் அறையில் பத்து நிமிஷம் அழும் பிள்ளையிடம் எதைக் கண்டுபிடிக்க முடியும்? முதல் வருஷப் படிவத்தில் லியான் எல்லாவற்றுக்கும் ‘செய்கிறாள்’ போட்டாள். வளர்ச்சி சரியாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஆசிரியை தேவையில்லை என்று பதில் வந்தது. அன்றைக்கு அவள் கேக் வாங்கி வந்தாள்.

இப்போது எஃபிக்கு இரண்டு வயது. ஆசிரியை வருவாளா மாட்டாளா என்பது இந்தப் படிவத்தோடு முடிந்துவிடும். அடுத்த படிவம் கிடையாது.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவன் டேரன், சீருடையைக் கழற்றாமல் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆறு கட்டை! பாத்தியா?” என்றாள் லியான்.

“பாத்தேன்.”

“என்னப்பா, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நம்ம டீம் தோத்துருச்சா?”

“அவங்க என்னிக்கு ஜெயிச்சாங்க?” என்றவன் கட்டைகளைப் பார்த்தபடி, “லியான், அடியில இருக்கிற கையை எடுத்துட்டு இன்னொரு தடவ அடுக்கச் சொல்லு” என்றான்.

“எந்தக் கை?”

டேரன் மோவாயால் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். இடது கையின் விரல்கள் அடிக்கட்டையை இருபுறமும் பொத்திக்கொண்டிருந்தன. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எஃபி அடுக்கினாள். இரண்டாவது கட்டையிலேயே சரிந்தது. மறுபடியும் சரிந்தது. மூன்றாம் முறை எஃபி கட்டையைத் தொடவில்லை. அம்மாவின் கையைத் தொடைக்கு அடியிலிருந்து இழுத்து, கொண்டுவந்து, அடிக்கட்டையின் மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

“களைச்சுப் போயிருக்கா. நாளைக்குச் செய்வா” என்றாள் லியான்.

“போன வருஷமும் இதையேதான் சொன்ன, புள்ள.”

“அப்போ நான் பொய் எழுதினேங்கிறியா?”

“பொய்யின்னு யாரு சொன்னா? நீ புடிச்சுக்கிட்டிருந்த. அவ்வளவுதான்.”

லியான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மறுநாளிலிருந்து படிவத்தை முதலிலிருந்து பார்த்தாள். படப் புத்தகத்தின் பக்கத்தை எஃபி புரட்டுகிறாள் என்று எழுதியிருந்தாள். பக்கத்தின் நுனியைத் தூக்கிக் கொடுத்தது அவள் கட்டைவிரல். முப்பத்தொரு சொல் பேசுகிறாள் என்று எழுதியிருந்தாள். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்து பார்த்தபோது எஃபி தானாகச் சொன்னது ஐந்து. ஒவ்வொன்றாக அழித்து ‘இன்னும் இல்லை’ என்ற கட்டத்தில் கோடு போட்டாள். அழித்து அழித்துத் தாள் பஞ்சாகிவிட்டது. பயிற்சி கிடைக்காமல் குழந்தைக்கு ஒரு வருஷம் போய்விட்டதே என்ற நினைப்பு ஒவ்வொரு கோட்டிலும் வந்து குத்தியது. ஆனாலும் எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகவில்லை.

வியாழக்கிழமை படிவத்தை வாங்கிப்போகச் சுகாதார நர்ஸ் மொய்ரா வந்தாள்.

“என்ன கண்ணு, டீ உண்டா, இல்ல இப்படியே திரும்பிடவா?”

“தண்ணி கொதிக்குது. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போன வருஷத்துத் தாள் தப்பு. நான் நிரப்பினதுதான். எப்படித் தப்பாச்சுன்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்.”

மொய்ராவின் சிரிப்பு நின்றது. “இதுல ‘இன்னும் இல்லை’ நிறைய இருந்தா ஆசிரியைய அனுப்புவாங்க. தெரியும்ல?”

“தெரியும்.”

“பிரிச்சுப் பாக்கட்டுமா?”

“இங்க வேணாம். நான் பக்கத்துல இருந்தா மறுபடியும் தாங்கிப் புடிச்சுடுவேன். உங்க கார்ல போய்ப் பாருங்க” என்று சொல்லி, லியான் படிவத்தை இரண்டாக மடித்து அவளிடம் கொடுத்தாள்.