வீட்டுக்கு வந்த கிளினிக்

என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. வலது கையும் வலது காலும் சொல் கேட்காமல் போயின. பேச்சு குழறியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். பிறகு மாதம் ஒருமுறை கிளினிக்குக்கும், கிழமைக்கு ஒருமுறை பிசியோதெரபிக்கும் கூட்டிவரச் சொல்லி, ஒவ்வொரு வரவையும் பதியும் கிளினிக் கொப்பியைக் கையில் தந்து அனுப்பினார்கள். படிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தெட்டுப் படிகள். கைபிடி உள்ள பிளாஸ்ரிக் கதிரையில் அவளை இருத்தி, பழைய சேலையால் இடுப்பைச் சுற்றிக் கட்டி, முன்னுக்கு ஓட்டோக்காரரும் பின்னுக்குக் கீழ்த்தளத்துக் கடைக்காரரும் பிடித்து இறக்குவார்கள். நான் தண்ணீர்ப் போத்தலும் கொப்பியுமாகப் பின்னால் வருவேன். இறங்கி முடியும்வரை அவள் கண்ணை மூடியபடி இருப்பாள். பயம் என்று நினைத்திருந்தேன். நெடுநாளைக்குப் பிறகுதான் சொன்னாள், கதவைத் திறந்து பார்க்கிறவர்களின் முகம் தெரியாமல் இருக்கத்தான் மூடினாளாம். அவள் கணக்கு ரீச்சராக இருந்தவள். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் அவளிடம் படித்தவர்கள் இருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வரமுடியாத நோயாளர்களை வீடியோ அழைப்பில் பார்க்கும் திட்டம் ஒன்று தொடங்கியிருப்பதாகக் கிளினிக்கில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மருந்தும் வீட்டுக்கே வருமாம். நான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கிய உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை மட்டும்தான் சேர்க்கலாம் என்றும், நாங்கள் ஒரு கிழமைகூடத் தவறாமல் வந்திருப்பது கொப்பியிலேயே இருக்கிறது என்றும் சிங்களத்தில் விளக்கினார். தவறாமல் வந்ததுதான் எங்கள் பிழை என்பது வீட்டுக்கு வந்த பிறகே எனக்கு உறைத்தது.

ஏழெட்டு மாதம் கழித்துத் திட்டத்தை விரித்தார்கள். படியேற முடியாதவர்களும் பட்டியலில் வந்தார்கள். ஒருநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அடுத்த புதன்கிழமையிலிருந்து பதினொரு மணிக்கு பிசியோதெரபி மிஸ் வீடியோவில் வருவார் என்றார்கள்.

முதல் புதன்கிழமை என் மனைவி சேலை உடுத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். உடுத்திவிட எனக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. போனைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தேன். திரையில் வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். தமிழ் தெரியாததற்கு வருத்தம் தெரிவித்தார். அரசாங்க அலுவலகத்தில் படவரைஞராக இருந்த எனக்குச் சிங்களம் நன்றாக வரும். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். அப்படியென்றால் ஐயாதான் என்னுடைய கைகளும் என்றார் அவர்.

அவர் சொல்லச் சொல்ல நான் அவளுடைய கையைத் தூக்கினேன், மடக்கினேன், விரல்களை விரித்தேன். தோள் உயரத்துக்கு மேலே போக வேண்டாம், மணிக்கட்டில் பிடித்து இழுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு கிழமையும் சொல்வார். அழைப்பு நடக்கும்போது அதைச் சரியாகச் செய்தேன். மற்ற நாட்களில் இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் கெதியாகச் சுகம் வரும் என்று எனக்கு நானே முடிவெடுத்திருந்தேன். நாளுக்கு இரண்டு முறை என்றதை நான்கு முறையாக்கினேன். அவள் முகத்தைச் சுளிப்பாள். நோவு வந்தால் நரம்பு முழிக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தேன்.

முதல் இரண்டு மாதமும் கேட்டதைக் கேட்டபடியே மொழிபெயர்த்தேன். பிறகு, எப்போதிருந்து என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை, அவளிடம் கேட்காமலே பதில் சொல்லத் தொடங்கினேன். நித்திரை எப்படி என்று கேட்டால் நல்லது என்பேன். சாப்பாடு நல்லது. மனம் எப்படி என்றால் அதுவும் நல்லது. அவள் ஒரு வசனம் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் எடுக்கும், மிஸ்ஸுக்கு அடுத்த நோயாளி காத்திருப்பார் என்பது என் நியாயம். பழுதென்று சொன்னால் நேரில் வரச்சொல்வார்கள், திரும்பவும் அந்தக் கதிரை என்ற பயமும் இருந்தது. இவை இரண்டும் உண்மை. மிஸ் என்னைப் பாராட்டுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதும் உண்மை.

அவளுக்கு முன்பு கடைத்தெருச் சிங்களம் தெரியும். பாரிசவாதம் வந்தவர்களுக்குத் தாய்மொழிக்குப் பிறகு படித்த மொழி போய்விடக்கூடும் என்று வார்டில் டொக்டர் சொல்லியிருந்தார். அவளும் அதன்பின் ஒரு சிங்களச் சொல்கூடப் பேசவில்லை. போய்விட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை மிஸ், அம்மாவுக்குத் தோள் நோகிறதா என்று கேட்டார். இல்லை, கொஞ்சம் இறுக்கம் மட்டும்தான் என்றேன். பக்கத்தில் அவள் ஏதோ சொன்னாள். எனக்கு "பொறு" என்று கேட்டது. அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்து, சரி, ஆறுதலாகச் செய்வம் என்று அவளிடம் சொன்னேன். திரையில் மிஸ்ஸின் முகம் மாறியிருந்தது. சிங்களத்தில் அந்த ஓசைக்குப் பொய் என்று பொருள். அம்மா என்ன சொன்னார் என்று மிஸ் கேட்டார். தமிழில் காத்திரு என்று சொல்கிறாள் என்று விளக்கினேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

மிஸ் என்னை விட்டுவிட்டு அவளிடமே நேராகக் கேட்டார். என் மனைவி இடது கையை எடுத்து வலது தோளில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக, சிங்களத்தில் சொன்னாள்.

"எயா... கியன ஏக... பொரு."

அவர் சொல்வது பொய். பாரிசவாதம் வந்தபிறகு அவள் பேசிய முதல் சிங்களம் அது.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வேறொருவர் அழைத்தார். தமிழ் பேசுகிற முஸ்லிம் தாதி. சிங்களம் பேசாத நோயாளர்களோடு பேசுவதற்காகத் தன்னை இந்தத் திட்டத்தில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"ஐயா, போனை அம்மாக்கிட்ட குடுத்துட்டுக் கொஞ்சம் வெளிய போய் இருங்க. நான் அவங்களோட தனியா பேசணும்."

"அவவின்ர பேச்சு உங்களுக்கு விளங்காது மிஸ். நான் பக்கத்தில நிண்டாத்தான்..."

"விளங்காட்டித் திருப்பிக் கேக்குறேன். எனக்கு நேரம் ஈக்கிது."

நான் கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினேன். கிளினிக்கோ மருந்தோ மரக்கறியோ என்று ஒரு வேலை இல்லாமல் கீழே இறங்கியது அந்த வருடத்தில் அதுவே முதல்தடவை. துறைமுகப் பக்கம் போகும் கொண்டெய்னர் லொறிகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றன. கடைக்காரர் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். முதலில் கோபம் வந்தது. குளிப்பாட்டி, ஊட்டி, துணி துவைத்தவன் நான், போனில் வந்தவர் என்னை வெளியே அனுப்புகிறார் என்று. பிறகு, உள்ளே அவள் என்னவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள் என்று ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்தேன். நினைக்க நினைக்கப் பட்டியல் நீண்டது. நாற்பது நிமிடம் ஆனது.

திரும்பிப் போனபோது மனைவியின் முகம் களைத்திருந்தது. தாதி என்னோடு சுருக்கமாகப் பேசினார். கையை இழுத்ததில் தோள் மூட்டு நோகிறது, வெள்ளிக்கிழமை பிசியோ மிஸ்ஸும் தானும் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அதுவரை அந்தக் கையைத் தொட வேண்டாம் என்றார். நித்திரையைப் பற்றி டொக்டரிடம் சொல்லி மருந்து ஒன்று சேர்ப்பதாகவும் சொன்னார்.

"மத்ததெல்லாம் அவங்க விரும்பினா ஒங்களுக்குச் சொல்லுவாங்க," என்றார்.

அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்றை மட்டும் கேட்டேன்.

"நோகுதெண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான்," என்றாள். அடுத்ததற்கு வாய் கூடிவர நேரம் பிடித்தது. "நீங்கள்... சிங்களத்தில... மாத்திப்போட்டியள்."

வெள்ளிக்கிழமை இருவரும் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்கள். திரையில் தெரியாத எல்லாவற்றையும் பார்த்தார்கள். கட்டில் சுவரோடு ஒட்டி இருந்ததால் நான் எப்போதும் ஒரே பக்கத்தால் அவளைத் தூக்கியது, வலது கை தாங்குவாரின்றித் தொங்கியது, கழிவறை வாசலில் இருந்த மேடு. கட்டிலைத் திருப்பிப் போட்டோம். கைக்குக் கீழே தலையணை வைக்கப் பழகினேன். தோள் நோவு ஆற நான்கு மாதம் எடுத்தது. அந்தக் கை இன்றைக்கும் தோள் உயரத்துக்கு வராது. நான் இழுத்ததாலா, நோயாலா என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அதன்பிறகு புதன்கிழமைகளில் தாதியும் அழைப்பில் சேர்ந்துகொண்டார். பயிற்சிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். பேச்சுக்கு நான் வெளியே. சில நாட்களில் படியில் இருந்து பேப்பர் வாசிப்பேன். கதவுக்குள்ளே அவள் சிரிப்பது எப்போதாவது கேட்கும். எதற்கென்று தெரியாது.

இந்த வருடம் திட்டத்தை இன்னும் விரித்தார்கள். மூச்சு நோய்க்காரர்கள், புற்றுநோய்க்காரர்கள் என்று பலரைச் சேர்த்தார்கள். ஜிந்துப்பிட்டியிலும் தெமட்டகொடையிலும் எத்தனையோ வீடுகள் இப்போது பட்டியலில் இருப்பதாகத் தாதி சொன்னார். அதனால் எங்கள் முறை இரண்டு கிழமைக்கு ஒன்றானது. நான் சரி என்றேன். என் மனைவி கடிதம் எழுத வேண்டும் என்றாள்.

அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஒரு காலைப் பொழுது போனது. "ஆக்களைக் கூட்டினது சரி. மிஸ்மாரையும் கூட்டுங்கோ. இரண்டு கிழமைக்கு ஒருக்கா எண்டா எனக்குக் காணாது." இவ்வளவுதான். தயவுகூர்ந்து என்று ஓரிடத்தில் சேர்த்தேன். வாசித்துக் காட்டச் சொல்லி அதை வெட்டச் செய்தாள். கீழே சிங்களத்திலும் எழுதி, அதையும் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இடது கையால் கையெழுத்து வைத்தாள். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்.

பதில் இன்னும் வரவில்லை. அழைப்பு இல்லாத புதன்கிழமைகளில் அவள் பதினொரு மணிக்குத் தானே கட்டிலில் எழுந்து இருந்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எண்ணுகிறாள். நான் குசினியில் சமைக்கிறேன். தேவைப்பட்டால் கூப்பிடுவாள்.