கரகத்துக்குப் பின்னால் நடந்தேன்

சபையாரே, நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் இந்தச் சாட்சியைச் சிரித்த முகத்தோடு சொல்ல என்னால் ஆகாது.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டத்துக்கு நான் பொறுப்பாளர். எனக்குக் கீழே ஒரு குழு. தலைக்கு மேலே எத்தனையோ அதிகாரிகள். போன மழைக்காலத்தில், பள்ளத்தில் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் பணிய லயத்துக்கு மேலே மண் வெடித்துப் பிளந்தது. சனங்களை உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வேண்டும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, அரசாங்க உத்தரவு வரட்டும் என்றார். அரசாங்க அலுவலகத்தில், துரைதான் சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் தலைமை அலுவலகமோ, இது நம் வேலையே இல்லை என்று கைகழுவியது.

கடைசியில் நானே லயத்துக்குப் போய்ச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. விழா முடியும்வரை யாரும் லயத்தை விட்டு வெளியே தங்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு.

என் குழுவில் வேலை செய்யும் செல்வியும் அந்த லயத்துப் பிள்ளைதான்.

“சேர், எங்கப்பாவே வரமாட்டேங்கிறாரு. நீங்க சத்தம் போட்டா யாரு கேப்பாங்க?” என்று அழுதாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, “ஆண்டவரே, இவர்களை என் சொல்லுக்குக் கீழ்ப்படிய வையும்” என்று கதறினேன். வேறு வழி தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது, செல்வி கோயில் பூசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“ஆத்தா இருக்கிற எடந்தாங்க எங்களுக்கு எல்லை” என்றார் அவர். “கரகத்தத் தூக்கிட்டு நான் முன்ன போறேன். சனம் பின்னால வரும். நீங்க கடைசியா வாங்க சேர்.”

தப்பு முழங்கியது. அம்மன் கரகம் மழையில் நனைந்தபடி மேடு ஏறியது. கைக்குழந்தைகளோடும் மூட்டைகளோடும் சனம் ஏறியது. ஆட்களை நடத்தத் தெரிந்தவன் என்று சம்பளம் வாங்கும் நான், யாருடைய அரிசிப் பானையையோ சுமந்துகொண்டு கடைசியில் நடந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பார்த்தால் செல்வியின் அப்பாவைக் காணவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கியிருக்கிறார். ஆள் அனுப்புவதற்குள் மலை சரிந்துவிட்டது. லயமும் போனது, கோயிலும் போனது, அவரும் போனார்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த செல்வி ஒரு நாள் கேட்டாள்: “அத்தன பேரையும் காப்பாத்துன ஒங்க ஆண்டவருக்கு, எங்கப்பா மட்டும் கண்ணுக்குத் தெரியலயா சேர்?”



கரகத்தோடு வந்த உதவியை ஆண்டவர் அனுப்பியதென்று சொல்ல உங்களில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கு இல்லை. இப்போதெல்லாம் குழுவிடம் கேட்காமல் நான் ஒரு முடிவும் எடுப்பதில்லை. அந்தச் சனம் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் படுத்திருக்கிறது; வீட்டுக்கு நிலம் கிடைக்கவில்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிறார்கள். அதற்கு அவருக்கு ஸ்தோத்திரம்.

பாரத்தோடு இருப்பவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். கேட்ட மாதிரியே தருவார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். செல்வியின் கேள்வியைத் தினமும் அவர் முன் வைக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நானும் விடவில்லை.