வெறும் ஊசி

டைலரம்மா என் மேசைமேல் வைத்த ஊசி ஒரு பழைய பஸ் டிக்கெட்டில் குத்தியிருந்தது. தலைமுடியைவிடச் சற்றே தடிமன். காது இல்லை. காதில்லாத ஊசியை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை என்பதால், தன் கைக்கு அதைக் குத்திய வைத்தியரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். "நூல் கோக்க எடமே இல்ல சார். இத்த வெச்சி இன்னா தைக்கப்போறார்னுதான் மொதல்ல நெனச்சேன்" என்றார். நான் சிரித்துவிட்டேன். தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். அந்த நாற்காலியிலிருந்து சிரிப்பு அதிகம் வெளியே வந்ததில்லை.

ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் மேல்தோல் தைக்கும் பெண்களை டைலர் என்பார்கள். இவர் பள்ளிகொண்டாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து பல வருடங்களாக ஒரே மெஷினில் உட்கார்ந்திருந்தவர். வலது கட்டைவிரலில் தொடங்கிய மரமரப்பு மணிக்கட்டுக்கு ஏறி, பிறகு தூக்குச் சட்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் ஆனது. எங்கள் மருந்தகம் மாத்திரையும் களிம்பும் கொடுத்தது. பெரிய ஆஸ்பத்திரி அறுவை சிகிச்சை என்றது. பக்கத்து மெஷின்காரப் பெண் அதே அறுவைக்குப் போய்த் திரும்பியபோது அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருந்ததை டைலரம்மா பார்த்திருந்தார். ஆகவே அறுவையைத் தவிர்த்து, மேல்விஷாரத்தில் ஒரு யுனானி வைத்தியரிடம் போனார். அவர் சீன ஊசி வைத்தியமும் படித்தவர். ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் குத்திக்கொண்டார். மரமரப்பு விலகி விரல் மடங்கியது. என் மேசைமேல் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காட்டினார்.

ஆனால் கை குணமாவது வேறு, நோய் என்று ஒப்புக்கொள்ளப்படுவது வேறு. எங்கள் மருத்துவர் சான்று கொடுத்த நாட்களில் ஒரு தொழிலாளியை வேலையைவிட்டு நீக்க முடியாது. சான்று இல்லாத ஆறு வாரம் என்பது சொல்லாமல் ஓடிப்போன ஆறு வாரம். விளக்கம் கேட்டுக் கம்பெனி அனுப்பிய கடிதம் அவர் பையில் இருந்தது. எங்கள் அலுவலகம் அந்த நாட்களை ஏற்றால் வேலை மிஞ்சும், இல்லாவிட்டால் இல்லை.

விதியில் ஒரு சந்து உண்டு. தகுந்த காரணம் இருந்தால் வெளி மருத்துவரின் தாளை மாற்றுச் சான்றாக ஏற்கலாம். அந்தச் சந்து எங்கே இருக்கிறது என்று அலுவலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும் என்ற கர்வம் எனக்கு இருந்தது. வைத்தியர் தன் தாளில் "ஊசி சிகிச்சை, ஓய்வு தேவை" என்று மட்டுமே எழுதியிருந்தார். எனக்கு அது போதுமானதாகத் தோன்றியது. "பரிசோதிக்கிற டாக்டர் கேட்டா ஊசி போட்டாங்கன்னு சொல்லுங்கம்மா. அதுக்குமேல ஒரு வார்த்தை வேணாம்" என்றேன்.

"பொய் இல்லியே சார்? போட்டாரே."

"பொய்யே இல்ல."

பரிசோதனை அன்று கோப்போடு பக்கத்தில் நின்றேன். மருத்துவர் தாளைப் பார்த்தார். "என்ன ஊசிம்மா?"

டைலரம்மா ஒரு டைலராகவே, மெஷின் ஊசியின் தடிமன் நம்பரில் பதில் சொன்னார். "பதினோரு நம்பருக்கும் கம்மிதான் இருக்கும் சார். நம்ம லெதர் ஊசி மாதிரி முனையில வெட்டு இல்ல, ரவுண்டு."

இளநிலை உதவியாளர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். மருத்துவரும் சிரித்துக்கொண்டே, "நம்பர் கேக்கலம்மா. உள்ள என்ன மருந்து ஏத்தினாங்க?" என்றார்.

"மருந்து ஒண்ணும் இல்ல சார். வெறும் ஊசி."

வெறும் என்ற சொல்லில் கோப்பு மூடிக்கொண்டது. தைலத்துக்கும் பஸ்பத்துக்கும் லேகியத்துக்கும் எங்களிடம் இடம் உண்டு; அரைப்பவர் பதிவு பெற்றவராக இருந்தால் சரி. சீனாவுக்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. எங்கள் அதிகாரி "முடியாதுன்னு எழுதிடுங்க" என்றுதான் சொன்னார். "மருந்து செலுத்தப்படாத ஊசி, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாகக் கருத இயலாது" என்ற வாசகம் என்னுடையது. அந்த நடையை அதிகாரி பாராட்டினார்.

கம்பெனி காத்திருக்கவில்லை, வேலையைவிட்டு நீக்கியது. டைலரம்மா வீட்டிலேயே ஷூ மேல்பாகங்களைக் கைத்தையல் போட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போனார். காதுள்ள தடித்த ஊசி, மெழுகு நூல், நாளெல்லாம் இழுப்பு. வைத்தியர் திருப்பிக் கொடுத்த விரல்களை அது சில மாதங்களில் எடுத்துக்கொண்டது. மேல்முறையீட்டுக்குக் கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது வந்து நின்றார். நானே மனு எழுதினேன், நன்றாகவே எழுதினேன். அவர் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கோணலாக விழுந்தது. அதன்கீழ், இது இவர் கையெழுத்தே என்று ஓர் அலுவலர் சான்றொப்பம் இட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் இட்டிருக்கலாம். இட்டால், தன் அலுவலகத்தின் உத்தரவுக்கு எதிரான மனுவை எழுதிக் கொடுத்தவர் யார் என்று மேலே கேட்பார்கள். ஓய்வு பெற அதிக நாள் இல்லை. பேனாவை மூடி வைத்தேன்.

மனு திரும்பி வந்தது. காரணம் ஒரே வரி: கையெழுத்து பதிவேட்டோடு பொருந்தவில்லை. அதற்குள் கெடு முடிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கையி நல்லா இருந்தா நான் ஏன் சார் உங்ககிட்ட வர்றேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, கம்பெனி பஸ்ஸில் ஏற முடியாததால், டவுன் பஸ்ஸுக்கு நடந்தார்.

இப்போது எனக்கும் கை நடுங்குகிறது. போன மாதம் வங்கியில் ஓய்வூதியப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்து, திரையில் இருந்ததோடு பொருந்தவில்லை. கவுன்டரில் இருந்த பெண் இரண்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "பரவால்ல சார், உங்கள எங்களுக்குத் தெரியாதா" என்று முத்திரை குத்தினாள். விதிப்படி அது தவறு. எந்தப் பிரிவில் தவறு என்றுகூட என்னால் சொல்ல முடியும். படிவத்தின் நகலை வாங்கி மடித்தபடி வெளியே வந்தேன். டைலரம்மாவையும் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.