கம்பவுண்டர் போட்ட மொட்டைப் பெட்டிஷன்

கனகராஜ் டாக்டரின் கிளினிக்குக்கு நேர் எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை. திருவண்ணாமலை சாலையில் இருபத்தொரு வருடமாக அந்தக் கிளினிக் வாசலைப் பார்த்தபடியேதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே கம்பவுண்டர் தனகோட்டியைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் செஞ்சியில் கிடையாது. அவர் மனைவி உண்ணாமலைகூட எனக்கு அடுத்தபடிதான்.

தனகோட்டிக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. டீக்கடையில் கிளாஸை இரண்டு முறை கழுவச் சொல்வார். மருந்துக் கம்பெனிக்காரர் சாம்பிள் நீட்டினால், அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் காலாவதி தேதியை வாய்விட்டுப் படிப்பார். என் கடையில் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தால், அது கைக்குத் திரும்பும்வரை மெஷினை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். ஒருநாள் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"இன்னா தனகோட்டி, உன் கார்டை வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?"

"அது எனக்குத் தெரியாது விநாயகம். தெரியாததாலதான் பாக்குறேன்" என்றார்.

இருபத்து நான்கு வயதில் கிளினிக்கைப் பெருக்கித் துடைக்க வந்தவர். படிப்பு பத்தாவது. வீட்டில் கொஞ்சம் மணிலாக் கடலைப் பயிர், அதை அண்ணன் பார்த்துக்கொண்டார். டாக்டர்தான் முதலில் புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார், அப்புறம் ஊசி. தனகோட்டி ஊசி போட்டால் வலிக்காது என்று மண்டகப்பட்டிலிருந்து சீயமங்கலம் வரைக்கும் பேச்சு. டாக்டர் ஊசி எழுதிக் கொடுத்தால், கம்பவுண்டர் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் சனங்கள் கையை நீட்டுவார்கள். இப்படியே இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. சான்றிதழ் என்று ஒரு துண்டுக் காகிதம் அவரிடம் கிடையாது.

அந்தச் சந்தேக புத்தியால் நல்லதும் நடந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கத்தரி, இடுக்கியெல்லாம் நீராவியில் வேகவைக்கிற ஸ்டெரிலைசர் ஒன்று கிளினிக்கில் உண்டு. அதன் முள் சரியான இடத்தைக் காட்டினாலும் தனகோட்டி நம்ப மாட்டார். சூடு ஏறினால் நிறம் மாறுகிற டேப் ஒன்றை ஒவ்வொரு தடவையும் உள்ளே போட்டு எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதியும் நேரமும் எழுதி வைப்பார். எல்லாம் என் கடையில் வாங்கின நீள நோட்டுகள். எழுத்து முழுவதும் இடது பக்கம் சாய்ந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் அனுஷா வந்தாள். டிப்ளமோ முடித்த நர்ஸ், இருபத்து மூன்று வயது, சேலம் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் படித்தவள். குழந்தைகளுக்குக்கூட முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்தாள். இரண்டே மாதத்தில், "அந்த சிஸ்டர் இல்லீங்களா?" என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

தனகோட்டி என் கடைக்கு வந்து நின்றார்.

"இந்த வயசுல இவ்ளோ சுளுவா நரம்பு கிடைக்குமா? அந்தக் காலேஜ் பேரை நீ கேள்விப்பட்டிருக்கியா?"

"சேலத்துல இருக்குற காலேஜ் எல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்குமே தெரியல. அதான் இடிக்குது. எப்பப் பாத்தாலும் போன்ல வேற பேசுறா."

பொறாமை, வேறு ஒன்றுமில்லை. ஆனால் அவர் அதை மக்கள் உயிர்ப் பிரச்சினை என்றே நம்பினார்.

ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து வெள்ளைத்தாளும் நீளக் கவரும் கேட்டார்.

"கம்ப்யூட்டர்ல அடிச்சா யார் எழுதுனதுன்னு தெரியாதில்ல?"

"தெரியாது. சொல்லு, அடிச்சித் தரேன்."

மானிட்டரையே கொஞ்ச நேரம் முறைத்தார். "அடிச்சா இதுக்குள்ள ஒரு காப்பி நின்னுடும்ல?"

"அழிச்சிடலாம்பா."

"நீ அழிச்சன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கடை மூலையில் உட்கார்ந்து, இடது கையால் மறைத்துக்கொண்டு கையாலேயே எழுதினார். காகிதத்தைத் தலைகீழாகப் படிப்பது என் தொழிலில் தானாக வந்துவிடுகிற பழக்கம். செவிலியர் அனுஷாவின் சான்றிதழ் போலியா என விசாரிக்க வேண்டும், இப்படிக்கு உண்மை விளம்பி. விழுப்புரத்தில் இருக்கிற மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு. செஞ்சித் தபால்பெட்டியில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுக்கும் என்று பஸ் ஏறித் திண்டிவனம் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

நான் தடுத்திருக்கலாம். ஒரு பெண்ணின் வேலை சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கு அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது, அதுதான் உண்மை.

மூன்று வாரம் கழித்துக் கிளினிக்குக்குக் கடிதம் வந்தது. வியாழக்கிழமை ஆய்வு. சுத்தம், மருந்து இருப்பு, கருவிகள் எல்லாம் பார்ப்பார்களாம். பணியாளர்கள் அனைவரின் சான்றிதழும் தயாராக இருக்க வேண்டுமாம். தனகோட்டி முகம் வெளுத்துப்போய் ஓடி வந்தார்.

"எல்லாரோடதும் கேக்குறாங்க விநாயகம்."

"நீதானே கேக்கச் சொன்ன."

"நான் அவளோடத மட்டும்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "அப்ப நீ படிச்சிட்ட."

"படிச்சேன்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வீட்டிலேயே இரு என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். சொன்னால் கேட்கிற ஆளா? தான் இல்லாத நேரத்தில் அனுஷா தன்னைப் பற்றிப் போட்டுக்கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, பதினேழாம் நம்பர் டோக்கன் வாங்கி, நோயாளிகளோடு நோயாளியாக பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அனுஷா அவரைப் பார்த்தாள், பார்க்காதது மாதிரி உள்ளே போனாள்.

அனுஷாவின் சான்றிதழ்களை இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி டாக்டர் போன் செய்தார். நான் எடுத்துக்கொண்டு போனபோது ஆய்வுக்கு வந்த அதிகாரி மணிமொழி மேடம் ஸ்டெரிலைசர் அறை வாசலில் நின்றிருந்தார். அதிர்ந்து பேசாத அம்மாள். குப்பை பக்கெட், மருந்து ஃபிரிட்ஜ் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, தனகோட்டியின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு ஒழுங்கா எந்தக் கிளினிக்லயும் நான் பாத்ததில்ல. யார் எழுதுறது டாக்டர்?"

டாக்டர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். "எங்க சிஸ்டர்தான் மேடம்."

மேடம் அடுக்கின் அடியிலிருந்த பழைய நோட்டை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தார். "இது ஆறு வருஷத்துக்கு முன்னாடி தேதி. சிஸ்டர் சேர்ந்தே அஞ்சு மாசம்தானே ஆகுது?"

டாக்டர் ஃபிரிட்ஜ் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பெஞ்சில் இருந்த மண்டகப்பட்டு காத்தாயிக்குத்தான் பொறுக்கவில்லை. பல வருடமாக இங்கே வருகிறவள், நல்ல மனசு.

"எழுதுறது, ஊசி போடுறது எல்லாம் நம்ம கம்பவுண்டர்தாம்மா. தங்கமான கை. தோ, துண்டு கட்டிக்கினு குந்தியிருக்காரே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனகோட்டி டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் நோட்டை மறுபடியும் பார்த்தார். பிறகு தன் ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே எழுத்து, ஒரே சாய்வு. டாக்டர் குனிந்து அந்தக் காகிதத்தை முழுவதும் படித்தார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று அனுஷாவும் படித்தாள். எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது.

"சிஸ்டரோட பதிவு நம்பரை நேத்தே சரிபாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்ன மேடம், தனகோட்டியை அருகில் கூப்பிட்டார். "நீங்க ஊசி போடுறது உண்டா?"

ஊரையே சந்தேகப்பட்ட மனிதருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "போடுவேன் மேடம்."

"இனிமே தொடக் கூடாது. தொட்டா கிளினிக்கை மூடச் சொல்லி எழுதிருவேன்." டாக்டர் பதினைந்து நாளில் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

ஜீப் தெருவைத் தாண்டியது. அனுஷாதான் முதலில் பேசினாள். குரலில் கோபம் இல்லை, அழுகை இருந்தது.

"என்கிட்ட கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனேண்ணே."

தனகோட்டி தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்தாறு வருஷத்துல, ஒரே ஒரு நாள், உன்கிட்ட நான் சர்டிபிகேட் கேட்டிருக்கேனா தனகோட்டி?"

தனகோட்டி இல்லை என்று தலையை ஆட்டினார். இடுப்பிலிருந்து ஊசி அறைச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். டாக்டர் அதைத் தொடவில்லை. வெளியே பதினெட்டாம் நம்பர் காத்திருந்ததால், அனுஷா எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.