நாத்தனார் கொடுத்த குடைமிளகாய் விதை

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கூப்பாடு போடுவார்கள். இவர் கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று பிடித்துவிடுவார். அப்படி ஒரு மூளை. அதில் கால்வாசியைக் குடைமிளகாய்ப் பக்கம் திருப்பியிருந்தால் நான் ஏன் இப்படிப் புலம்பப் போகிறேன்?

எங்கள் ஊரில் கோடை வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஸ்வெட்டரைத் துவைத்துக் காயப்போட்டால் அது காய்வதற்குள் திரும்பவும் போட்டுக்கொள்ள வேண்டிவரும். ரயில் பணிமனைக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்த தோட்டத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு உண்டு. அக்கம்பக்கத்தில் எல்லாரும் புத்திசாலிகள். உருளைக்கிழங்கு போடுகிறார்கள், முட்டைக்கோஸ் போடுகிறார்கள், மூட்டை கட்டி எடுத்துப் போகிறார்கள். இவருக்குக் குடைமிளகாய்தான் வேண்டும். அதுவும் சிவக்கப் பழுத்த குடைமிளகாய். அதுவும் ஒரு கையில் அடங்காத பெரிய ரகம்.

குளிர் முடிவதற்குள்ளேயே வீட்டில் ரகளை ஆரம்பித்துவிடும். வெயில் விழும் ஒரே ஜன்னலில்தான் என் தையல் மிஷின். அதை நகர்த்திவிட்டுத் தயிர் டப்பாக்களை அடுக்குவார். ஒவ்வொன்றிலும் ஒரு விதை. முளைத்துவிட்டதா என்று காலையில் பார்ப்பார், பல் தேய்த்துவிட்டுப் பார்ப்பார், செருப்பு மாட்டும்போது மறுபடியும் பார்ப்பார். நான் மூலையில் ட்யூப் லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்வேன்.

"என்னங்க, நான் தைக்கிறதா வேண்டாமா?"

"கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கோ."

கொஞ்ச நாளாம்! பொறுத்துப் பொறுத்து எனக்குக் கண்ணாடி வந்ததுதான் மிச்சம்.

சரி, பழுத்தாலாவது பரவாயில்லை. செடி வளரும், காயும் பருக்கும், பச்சைப் பசேலென்று பளபளக்கும். "இன்னும் பத்தே நாள், சிவந்துடும்" என்பார். அதற்குள் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் உறைபனி கொட்டி, செடியெல்லாம் வேகவைத்த கீரையாகத் தொங்கும். காய்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு வருவார். அப்புறம் எங்கள் வீட்டில் பச்சைக் குடைமிளகாய் வதக்கல், பச்சைக் குடைமிளகாய் சூப், முட்டையில் பச்சைக் குடைமிளகாய். எங்கள் மகள் ஹாஸ்டலில் சேர்ந்ததே இதற்குப் பயந்துதான் என்பது என் அபிப்பிராயம்.

நாற்றுப்பண்ணைக்காரர் நல்ல மனிதர். ஒருமுறை என் எதிரிலேயே இவருக்கு எடுத்துச் சொன்னார்.

"சார், நீங்க போடுற ரகம் வெயில் ஊருக்கானது. சதை கனமா இருக்கிற பெரிய காய் முழுசா வளர்ந்ததுக்கு அப்புறமும் சிவக்கறதுக்குத் தனியா ஒரு மாசத்துக்கு மேல கேக்கும். நம்ம ஊர்ல அந்த மாசம் ஏது? இதோ, இதை எடுத்துட்டுப் போங்க. காய் சின்னது, கூம்பா இருக்கும், தோல் மெல்லிசு. ஆனா சீக்கிரம் பழுத்துடும்."

இவர் அந்த விதைப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய ரகத்துக்கும் கிட்டத்தட்ட இதே நாள் கணக்குதானே போடுறாங்க?" என்றார்.

"அது நாத்தை மண்ணுல நட்ட நாள்ல இருந்து சார். அதுவும் பச்சைக் காய் பறிக்கிறதுக்கு. சிவக்கிறதுக்கு இல்ல. எல்லாரும் இதுலதான் ஏமாந்து போறாங்க."

புரிந்ததா? நன்றாகவே புரிந்தது. தலையைத் தலையை ஆட்டினார். அப்புறம் பாக்கெட்டை வைத்துவிட்டு, "இல்லைங்க, எங்க அக்கா விதை குடுத்திருக்காங்க" என்று நடையைக் கட்டினார்.

இதோ வந்துவிட்டோம், விஷயத்துக்கு. அக்கா! என் நாத்தனார்!

நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பெற்றவர்கள் போன பிறகு இவரை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். ஆனால் வளர்த்ததை இன்னும் நிறுத்தவில்லை, அதுதான் தொல்லை. இவர் போட்டிருக்கும் கோட்டு அண்ணி கொடுத்தது. எங்கள் சாப்பாட்டு மேசையும் அண்ணி கொடுத்தது. இவர் ஏதாவது கொண்டுபோய்க் கொடுத்தாலோ, "எனக்கு எதுக்குடா? நீயே வெச்சுக்க, உனக்கே பத்தாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். முதல் சம்பளத்தில் ஒரு கம்பளிச் சால்வை வாங்கிப் போயிருக்கிறார். அதுவும் திரும்பி வந்துவிட்டது. அதைத்தான் நான் குளிர்காலத்தில் போர்த்திக்கொள்கிறேன்.

அண்ணி வீட்டுப் பின்புறம் முழுக்கக் கண்ணாடியால் ஒரு செடி வீடு. வெளியே பனி பெய்தாலும் உள்ளே வியர்க்கும். அங்கே குண்டு குண்டாகக் குடைமிளகாய் சிவந்து தொங்கும். அதன் விதையைத்தான் வருஷா வருஷம் மருந்துப் புட்டியில் போட்டு இவரிடம் கொடுக்கிறார். இவரும் திறந்த வெளியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். தன் மண்ணில் பழுத்த ஒரே ஒரு காயை அக்கா கையில் கொடுத்துவிட வேண்டும். இந்த மனுஷனுக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது. அந்த ஆசையை நிறைவேற்ற, நிறைவேறவே முடியாத ரகத்தைத்தான் விதைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

போன வருஷம் எனக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. இவர் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்துப் பண்ணைக்குப் போனேன். சீக்கிரம் பழுக்கும் ரகத்தில் இரண்டு நாற்று வாங்கி வந்தேன். ஜன்னலில் சோனியாக இருந்த இரண்டைப் பிடுங்கிவிட்டு, அந்த டப்பாக்களிலேயே இவற்றை வைத்தேன். எல்லாவற்றையும் சேர்த்து இவரே தோட்டத்தில் நட்டார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கோடை பாதிகூடத் தாண்டவில்லை. ஒருநாள் சாயங்காலம் காலில் மண்ணோடு வீட்டுக்குள் ஓடி வந்தார்.

"ஏம்மா, சிவந்துடுச்சு! வந்து பாரேன், சிவந்துடுச்சு!"

கூட்டித் துடைத்த தரை நாசம். ஆனாலும் போனேன். கடைசி இரண்டு செடிகளில் விரல் நீளத்துக்குக் கூம்பு கூம்பாக நாலைந்து காய்கள், ரத்தச் சிவப்பில். மற்ற செடிகளில் அண்ணியின் குண்டுக் காய்கள் பச்சையாக முறைத்துக்கொண்டிருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போனோம். மேசை மேல் கிண்ணம் நிறைய அவருடைய குண்டுக் குடைமிளகாய்கள். இவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய காயை எடுத்து நீட்டினார்.

"அக்கா, என் தோட்டத்துல பழுத்தது. எல்லாம் உன் விதைதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் விதையாடா? ஏன் இப்படிச் சூம்பிப் போயிருக்கு?"

"என் மண்ணு அப்படிக்கா."

"அதானே. என் விதைங்கறதாலதான் அந்த மண்ணுலயும் பழுத்திருக்கு. வேற விதையா இருந்தா முளைக்கவே முளைச்சிருக்காது" என்று சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே கடித்தார். மென்றார். "நல்லா இனிப்பா இருக்கேடா! இன்னும் இருக்கா?"

இவர் பையில் இருந்த மிச்சக் காய்களையும் எடுத்துக் கொடுத்தார். அண்ணி அத்தனையையும் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது வழக்கம்போல் மருந்துப் புட்டியில் விதை வந்தது. "அடுத்த வருஷமும் இதையே போடு, கண்ட கண்ட விதையெல்லாம் வாங்காதே" என்று என்னைப் பார்த்து வேறு சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிங்க அண்ணி" என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"உங்க அக்கா விதையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! அந்த ரெண்டு செடியும் நான் வாங்கிட்டு வந்து வெச்சது!"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நடும்போதே தெரியும். இலையே வேற மாதிரி இருந்துச்சே."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க? பேரை எல்லாம் அவங்களுக்குத் தூக்கிக் குடுத்துட்டு! எனக்கு வயிறு எரியுதுங்க!"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாம வாங்கின ரகம்னு சொல்லியிருந்தா, 'நீயே வெச்சுக்கடா'ன்னு திருப்பிக் குடுத்திருப்பா. அவளோடதுன்னு சொன்னதாலதான் வாங்கிக்கிட்டா."

கோபம் அப்படியேதான் இருந்தது, கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. நல்ல கூட்டம். பக்கத்தில் நின்றவர்களின் பைகள் எங்கள் முகத்தில் இடித்தன. கொஞ்ச நேரம் கழித்து இவர் மெதுவாகக் கேட்டார்.

"முழுசாத் தின்னாளா? நான் சரியாப் பாக்கலை."

"காம்பைத் தவிர ஒண்ணும் மிச்சம் வைக்கலை, போதுமா?" என்று எரிந்து விழுந்தேன்.